என் உயரத்துக்கு ஓர் அடுக்களை



போன வாரம் அடுக்களைப் படம் இரண்டு போட்டேன். "டீச்சர், எவ்வளவு ஆச்சு?", "யார் செய்தது?", "இந்த வயசுல இது எதுக்கு?" என்று வந்த கேள்விகளுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதக் கண் ஒத்துழைக்கவில்லை. எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடம் நடத்தியவள் நான் என்பது உங்களுக்குத் தெரியும்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். போன ஐப்பசியில் அடுக்களையில் விழுந்தேன். இடது மணிக்கட்டில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. மகன் பெங்களூரிலிருந்து ஓடி வந்தான். "போதும்மா, வீட்டைப் பூட்டிட்டு எங்ககூட வந்திரு" என்றான். மருமகளும் மனதாரத்தான் கூப்பிட்டாள். அங்கே எனக்கு ஒரு குறையும் இருக்காது. ஆனால் எனக்கு இப்போது 68 வயது. இந்த வீட்டை விட்டுப் போகிறவள் திரும்பி வந்து இங்கே அடுப்பு மூட்டப்போவதில்லை என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "மூணு மாசம் குடு மக்கா. விழவெச்சது வீடு இல்ல, அந்த மேடை. அதை மாத்திப் பாக்கேன்" என்றேன்.

மேடையின் கதை இது. எங்கள் வீடு திருவிதாங்கூர்க் காலத்து ஓட்டு வீடு. 1956 நவம்பர் 1-இல் இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோதே இதற்கு வயதாகிவிட்டது. கூடத்துக்குத் தேக்கு உத்திரம், திண்ணைக்குக் கடைந்த தூண். அடுக்களைக்கு வடக்கே ஒரு சாய்ப்பு, ஒரே ஒரு சின்ன ஜன்னல். எங்கள் அத்தை, அதாவது என் மாமியார், அங்கே தரை அடுப்பில் சிரட்டையும் கொதும்பும் மட்டையும் எரித்து நாற்பது வருஷத்துக்கு மேல் சமைத்தார்கள். பீடி சுருட்டு தொட்டறியாத மனுஷி, கடைசிப் பத்து வருஷம் இழுப்போடுதான் இருந்தார்கள். வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகையால் 2020-இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அந்தக் கணக்கை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அத்தையின் இருமல்தான் கேட்கும்.

1986-இல் கேஸ் வந்தது. கொத்தனார் வந்து மேடை கட்டினார். உயரம் 36 அங்குலம். என் உயரம் ஐந்தடிக்கு அரை அங்குலம் குறைவு. யாரும் என்னைக் கூப்பிட்டு நிற்கச் சொல்லி அளக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நின்றுதான் சமைத்தேன். காலையில் இட்லி ஊற்றிவிட்டுப் பள்ளிக்கு ஓடிவந்த அத்தனை வருஷமும் அந்தப் பலகை மேல்தான். ஐப்பசியில் வழுக்கியது அதுதான்.

பள்ளியில் பெஞ்சு உயரம் சரியில்லை என்றால் தலைமையாசிரியரிடம் சண்டை போட்டிருக்கிறேன். வீட்டில் நாம் பலகை போட்டுக்கொள்கிறோம். எல்லா வீட்டிலும் இப்படித்தான் நடக்கிறது.

மகன் ஒரு மாடுலர் கிச்சன் கம்பெனியைப் பிடித்தான். நாலு லட்சத்து எண்பதாயிரம் என்றார்கள். படம் அழகாக இருந்தது. எந்தப் பலகை என்று கேட்டேன். உள்ளே பார்ட்டிகிள் போர்டு, மேலே பளபளப்பான ஒட்டு. நம் ஊருக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. சுவர் வருஷத்தில் பாதி நாள் ஈரம் கோத்திருக்கும். மரத்தூளை ஒட்டிச் செய்த பலகை ஒருமுறை ஈரம் குடித்தால் உப்பிவிடும், பிறகு திருகாணி நிற்காது. சிங்க் பக்கம் பிளைவுட் போட்டே ஆகவேண்டும் என்கிறவர்கள் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளை கேளுங்கள். வெறும் "வாட்டர் புரூஃப்" என்ற வாய்வார்த்தையை நம்பாதீர்கள். நான் இரண்டையும் விட்டுவிட்டேன்.

சீட்டு எடுத்த பணம் ஒரு லட்சத்து இருபதாயிரம் கையில் இருந்தது. அதற்குமேல் ஒரு பைசா இல்லை என்று முடிவு. சுவர் இடிப்பதில்லை, இருப்பதை முடிந்தவரை திரும்பப் பயன்படுத்துவது என்று இரண்டு விதி வைத்துக்கொண்டேன். பக்கத்துத் திருவனந்தபுரத்தில் இருந்து வேலை செய்த லாரி பேக்கர் இதைத்தான் ஆயுள் முழுக்கச் சொன்னார். அவர் கட்டடங்களை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள்.

முதல் வேலை, மேடை. கையை மடக்கி நின்று, தரையிலிருந்து முழங்கை வரை அளந்தால் எனக்கு 37 அங்குலம். அதிலிருந்து நாலு முதல் ஆறு அங்குலம் குறைத்தால் வேலை செய்ய வசதியான உயரம். 32 என்று குறித்துக் கொடுத்தேன். கொத்தனார் சிரித்தார். "டீச்சர், எல்லா வீட்டுக்கும் ஒரே உயரந்தான் போடுவோம்." "அது எனக்க உயரம் இல்லையே" என்றேன். ஓரத்தில் மூன்றடி நீளத்துக்கு 28 அங்குலத்தில் ஒரு தாழ்ந்த மேடை. நாற்காலியில் இருந்தபடியே கறிக்காய் நறுக்கலாம். தரையில் குந்தியிருந்து தேங்காய் திருவ முழங்கால் விடுவதில்லை. அதனால் பழைய திருவலக்குத்தியை ஆசாரி ஒரு ஸ்டூலில் ஏற்றிப் பொருத்தித் தந்தார். தேங்காய் இல்லாமல் நமக்கு என்ன சமையல்?

இரண்டாவது, நடை. சிங்க், அடுப்பு, ஃபிரிட்ஜ் மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் வரும் முக்கோணத்தின் சுற்றளவு 26 அடிக்கு மேல் போகக்கூடாது என்று அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தார் 1940-களில் சொன்னார்கள். எனக்கு ஃபிரிட்ஜ் கூடத்தில் இருந்தது, பாத்திரம் கழுவும் அங்கணம் புறவாசலில். நாடாவைப் பிடித்து அளந்தால் 51 அடி. ஃபிரிட்ஜை உள்ளே கொண்டுவந்து, ஜன்னலடியில் சிங்க் வைத்ததும் 19 அடி ஆனது. சிங்க் தண்ணீர் வாழை மூட்டுக்குப் போகிறது.

இதை யோசித்து வரைந்த முன்னோடிகளில் ஒருத்தி ஆஸ்திரியாவின் மார்கரெட் ஷூட்டே-லிஹாட்ஸ்கி. 1926-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத் தொழிலாளர் வீடுகளுக்காக, ரயில் உணவுப் பெட்டியின் சமையலறையைப் பார்த்து, 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டரில் ஓர் அடுக்களை அமைத்தார். சுமார் பத்தாயிரம் வீடுகளில் அது வந்தது. பெண்களின் நேரத்தை மிச்சப்படுத்தியது. ஆனால் ஒருத்தர் நிற்கத்தான் இடம். துணைக்கு ஒரு கை உள்ளே வர வழியில்லை. அதை வரையும்போது தனக்குச் சமைத்துப் பழக்கமே இல்லை என்று அவரே பின்னாளில் சொன்னார். நான் நடுவில் நாலடி இடம் விட்டிருக்கிறேன். மகன் வந்தால் அவனும் நின்று தோசை சுடட்டும்.

மூன்றாவது, வெளிச்சமும் காற்றும். கூரையில் நாலு ஓட்டை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு போட்டோம். பகலில் விளக்கே வேண்டாம். எக்ஸாஸ்ட் ஃபேனை மேற்குச் சுவரில் வைக்கப் பார்த்தார்கள். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்று எப்படி அடிக்கும் என்று நமக்குத் தெரியாதா? மேற்கில் வைத்தால் வெளியே தள்ளுகிற புகையைக் காற்று உள்ளே திருப்பிவிடும். கிழக்குச் சுவரில், உயரத்தில் வைத்தோம்.

இங்கே ஒரு பாடம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு படியும். உயரத்து ஃபேன் அதை வெளியேற்றாது. அதனால் சிலிண்டர் பக்கத்துச் சுவரில், தரையை ஒட்டி ஓர் ஓட்டை போட்டு, எலி வராமல் கம்பி வலை அடித்திருக்கிறேன். கேஸ் மணம் வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள், ஃபேனையும்கூட. ரெகுலேட்டரை மூடிக் கதவைத் திறங்கள். ரப்பர் குழாயில் அச்சடித்திருக்கும் தேதியை இன்றே பாருங்கள். ஐந்து வருஷத்துக்குள் மாற்றவேண்டும்.

நாலாவது, கரண்ட். பணம் போதவில்லை என்றால் அலமாரியைக் குறையுங்கள், இதில் குறைக்காதீர்கள். 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். வகுத்துப் பாருங்கள். அதை 6 ஆம்பியர் பிளக்கில் சொருகினால் ஒயர் சுடத்தான் செய்யும். தனி ஒயர், 16 ஆம்பியர் பிளக், நல்ல எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இதைச் செய்தவன் என் மாணவன். ஓம் விதியில் எப்போதும் தடுமாறுவான். இன்று எனக்கே மீட்டர் வைத்து விளக்கினான். கூலி வேண்டாம் என்றான். வாங்கவைத்தேன்.

அலமாரிக்கு, உளுத்துப்போன பத்தாயத்தைப் பிரித்தோம். அடிப்பலகைதான் சிதல் அரித்திருந்தது. மற்ற அயனிப் பலகையெல்லாம் கல்லு மாதிரி. கதவில்லாத திறந்த தட்டுகள், என் கை எட்டும் உயரத்துக்குள். அதற்குமேல் ஒன்றும் இல்லை. இனி எதன்மேலும் ஏறுவதில்லை.

கணக்கு: மேடை, கல், கொத்து வேலை 46,000. கரண்ட் 18,500. தச்சு 17,000. சிங்க், குழாய் 14,000. கூரையும் கண்ணாடி ஓடும் 7,000. ஃபேன், விளக்கு 6,500. வெள்ளை 4,000. சில்லறைச் செலவு 5,200. ஆக 1,18,200 ரூபாய். பத்தொன்பது நாள் வேலை. மிச்சம் 1,800-க்கு வேலைக்காரர்களுக்குச் சாப்பாடு போட்டேன். முதல் சமையலே அதுதான். புளிக்கறி, தோரன், அவியல், பப்படம்.

மைனி ஒருத்தி கேட்டாள்: "கிரானைட் இல்லாம கடப்பாக் கல்லா? டைல்ஸ் மேல வரைக்கும் ஒட்டலியா?" இல்லை. அடுப்புக்குப் பின்னால் இரண்டடி மட்டும் ஒட்டியிருக்கிறது. எண்ணெய் தெறிப்பது அதுவரைதான். பழைய காவித் தரையைக் கழுவிப் பார்த்தேன், இன்னும் ஐம்பது வருஷம் இருக்கும். விறகடுப்பையும் அடியோடு விடவில்லை. புறவாசலில், திறந்த வெளியில், குளிக்கத் தண்ணீர் காய்ச்ச மட்டும் தேங்காய்த் தொண்டு எரிகிறது.

மகன் பங்குனி விடுமுறைக்கு வந்தான். இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அந்தத் தாழ்ந்த மேடையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டே, "ராத்திரி பாத்ரூம் போற வழியில ஒரு லைட் போடணும்மா" என்றான். பெங்களூர்ப் பேச்சை அவன் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மூன்று மாசத் தவணை முடிந்துவிட்டது. லைட்டைப் போட்டுவிட்டோம்.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இன்று அம்மாவையோ மனைவியையோ அடுக்களையில் நிற்கச் சொல்லி முழங்கை உயரத்தை அளந்து பாருங்கள். அப்பாவோ கணவரோ சமைத்தால் அவர்களையும். மேடை உயரத்தையும் அளந்து இரண்டையும் கீழே எழுதுங்கள். திருத்தித் தருகிறேன்.

நம்ம பக்கம் வருகிறவர்கள் முந்தின நாள் ஒரு போன் பண்ணுங்கள். தேங்காய் திருவி வைக்கவேண்டும்.

அன்புடன்,
உங்கள் ஃபிசிக்ஸ் டீச்சர்