எங்கள் மொழிபெயர்ப்பு

ரண சிகிச்சை முடிந்து கதவு திறந்துவிட்டால் கண்டம் கழிந்தது என்று கருதுவது நம்மவர் வழக்கம். கணவன் மனைவி இருவரும் அவ்வாறே கருதினோம்.

சென்ற ஆண்டு தீபாவளிக்காகத் தந்தையார் தஞ்சை மாவட்டத்திலிருந்து நாகபுரிக்கு எங்களிடம் வந்திருந்தார். வயது 68. முழங்கால் வலிக்காக மருந்துக்கடையில் தாமாகவே மாத்திரை வாங்கி, வெறும் வயிற்றில் காபியுடன் பல மாதங்கள் விழுங்கி வந்தவர் என்பது பின்னரே தெரிந்தது. அத்தகைய மாத்திரைகள் இரைப்பையிலோ அதை ஒட்டிய குடலிலோ புண்ணை உண்டாக்கி, சில வேளைகளில் துளையே இட்டுவிடுகின்றன. ஒரு நாள் பிற்பகல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். தொட்டால் வயிறு பலகைபோல் இருந்தது. அன்று மாலையே ஆபரேஷன். வயிற்றினுள் தொங்கும் கொழுப்புச் சவ்வின் ஒரு மடிப்பைத் துளையின்மீது வைத்துத் தைத்தார்கள்.

விரைந்து கொண்டுவந்ததை டாக்டர் மெச்சினார். 2013-இல் வெளியான டென்மார்க் ஆய்வொன்றின்படி, இந்நோயாளி மருத்துவமனையை அடைந்தபின் ஆபரேஷன் தாமதமாகும் ஒவ்வொரு மணிக்கும் பிழைக்கும் வாய்ப்பு 2.4 சதவீதம் குறைகிறது. அடுத்த கட்டிலில் இருந்த விவசாயி மூன்று நாள் வலியைப் பொறுத்திருந்துவிட்டு வந்தவர். ஆறாம் நாள் இறந்தார்.

மறுநாள் காலை நர்ஸ் வந்து ஹிந்தியில் கண்டிப்பாகச் சொன்னார்: படுத்தே கிடக்கலாகாது, நாற்காலியில் உட்கார வேண்டும், தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமிக் கபத்தை வெளியேற்ற வேண்டும், அடிக்கடி ஆழ்ந்து மூச்சிழுக்க வேண்டும், மாலையில் நாலடி நடக்க வேண்டும். தந்தையாருக்கு ஹிந்தி ஒரு சொல்லும் தெரியாது.

"என்னம்மா சொல்லுகிறாள்?" என்று மருமகளைக் கேட்டார்.

அசைந்தாலே அவர் முகம் சுருங்கிற்று. தையல் பிரிந்துவிடுமோ என்று எங்களுக்கு அச்சம். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "நன்றாக ஓய்வெடுக்கச் சொல்லுகிறார், மாமா" என்ற பதில் பிறந்தது. மாலையில் நர்ஸ் விசாரித்தபோது, "நடந்தார், இப்பொழுதுதான் படுத்தார்" என்றோம்.

மூன்றாம் நாள் வாயு பிரிந்தது. குடல் மீண்டும் இயங்குவதற்கு அது அடையாளம். சிக்னல் விழுந்த வண்டிபோல் இனித் தடையில்லை என்று மகிழ்ந்தோம். நான்காம் நாள் 102 டிகிரி காய்ச்சல், மூச்சு வாங்கிற்று. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பாகம் வெளுத்திருந்தது. வயிற்றைக் கீறியவர் வலிக்கு அஞ்சி மேலோட்டமாகவே மூச்சு விடுவாராம். நுரையீரலின் அடியில் காற்றுப் புகாமல் கபம் தேங்கி நிமோனியா காணும். கால் சிரைகளில் இரத்தம் உறைந்து நெஞ்சுக்கு ஏறும் அபாயமும் படுக்கையிலேயே இருப்பவருக்கு அதிகம். தந்தையாரோ நாற்பது ஆண்டுகள் பீடி குடித்தவர்.

"நடந்தாரா?" என்று டாக்டர் கேட்டார். உண்மையைச் சொன்னோம். அவர் கோபித்துக்கொண்டிருந்தாலும் தேவலை. ஒன்றும் பேசாமல் ஆக்ஸிஜன் வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று இரவுகள் வார்டுத் தாழ்வாரத்தில் அருகருகே அமர்ந்திருந்தும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பேசினால், அச்சொல்லை முதலில் நினைத்தவர் யார் என்ற வழக்கு எழும். ஏழாம் நாள் காய்ச்சல் தணிந்தது. எங்கள் தோள்களைப் பற்றிக்கொண்டு ஜன்னல்வரை நடந்தார். நர்ஸ் கூறிய ஒவ்வொரு சொல்லையும் அன்று முதல் விடாமல் தமிழில் சொன்னோம்.

தைக்கு முன் ஊர் திரும்பிவிட்டார். வருவோர் போவோரிடமெல்லாம், "என் மருமகள் என்னைக் கட்டிலை விட்டு அசையவே விடவில்லை, அப்படித் தாங்கினாள்" என்று சொல்லி வருகிறாராம். நாங்கள் இன்னும் திருத்தவில்லை.