தளர்ந்தவர் முன்னே செல்லட்டும்

சிங்கப்பூரின் வடகிழக்கே, ஜோகூர் நீரிணையில் உள்ளது புலாவ் உபின் தீவு. ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அங்கு வாழும் நம் தமிழ் அன்பர்கள் பதினொருவருடன், கயாக் எனும் துடுப்புப் படகுகளில் ஒருநாள் அத்தீவுக்குச் சென்றுவந்தேன். படகுக்கு இருவராக ஆறு படகுகள். வழிகாட்டி தனிப்படகில் வந்தார்.

காலையில் பாசிர் ரிஸ் கடற்கரையில் புறப்பட்டபோது, ஒருவரையொருவர் முந்தும் ஆவலே எங்களிடம் மேலோங்கியிருந்தது.

தீவில் கருங்கல் வெட்டிய பெரும்பள்ளங்கள் இன்று ஏரிகளாகக் காட்சியளிக்கின்றன. 1851-இல் கட்டி முடிக்கப்பெற்ற ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்திற்கும் இத்தீவின் கல்லே சென்றது. அலையாத்திக் காட்டின் ஓடைகளிலோ நீர் ஏறும் வேளையில்தான் படகு செல்லும்; வற்றினால் சேறே எஞ்சும். ஆகவே, எங்கள் நேரத்தைக் கடலே குறித்தது.

திரும்புகையில் எதிர்நீரோட்டம். ஐம்பதைக் கடந்த என் தோள்கள் தளர்ந்தன. எங்கள் படகு வெகுதூரம் பின்தங்கிற்று. கப்பல்கள் செல்லும் வழியாதலால் அச்சமும் பிறந்தது. வழிகாட்டி அனைவரையும் நிறுத்தி, எங்களை முன்னே வரச்செய்தார். "இனி இப்படகின் வேகமே எல்லோருக்கும் வேகம்" என்றார். நான் நாணினேன். ஆயினும் ஒருவரும் முகஞ்சுளிக்கவில்லை. ஆறு படகுகளும் ஒருங்கே கரைசேர்ந்தன.

அன்பர்களே, நம் இல்லங்களில் தளர்ந்தவர்களை எங்கே விட்டு விரைகின்றோம்?