தேய்மானம்

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் பற்று, வரவு என்று இரண்டாகப் பிரிப்பான். கடமலைக்குண்டில் இலவம்பஞ்சு வியாபாரிகள் சிலருக்குக் கணக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மிச்ச நேரத்தில் பத்திரிகைக்கு எழுதுகிற எனக்கு அது கொஞ்சம் முற்றிய கேஸ்!

என் டூவீலருக்கு ஆயில் மாற்ற ஒரு வாரம் லேட்டானால் எனக்குத் தூக்கம் வராது. ஆனால், காலை ஐந்து மணிக்கு ஸ்டார்ட் ஆகி ராத்திரி பதினொன்றரை வரை ஓடுகிற என் மனைவிக்கு 'சர்வீஸ்' என்று ஒன்று உண்டா? சத்தியமாக யோசித்ததே இல்லை சார்.

போன மழைக்காலத்தில், இரண்டே மாசத்தில் அவளுக்கு மூன்றாவது தடவையாகக் காய்ச்சல். "போய்ப் படு" என்றேன்.

"பட்டப்பகல்ல பொம்பள படுத்தா வீடு வெளங்குமா? அத்தை என்ன நெனப்பாங்க?"

உடம்பு 101 டிகிரி. கையில் கரண்டி!

வலுக்கட்டாயமாக பஸ் ஏற்றித் தேனிக்குக் கூட்டிப்போய் ரத்தம் டெஸ்ட் பண்ணினேன். 12 இருக்கவேண்டிய ஹீமோகுளோபின், 8.4.

டாக்டரம்மா முறைத்தது என்னை. "இரும்புச்சத்து கொறைஞ்சா கிருமியோட சண்டை போடற சக்தியும் கொறையும். தினம் எத்தனை மணி நேரம் தூங்கறாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "அஞ்சு... சில நாள் அஞ்சரை" என்றாள் அவள், ஏதோ அதிகமாகத் தூங்கி மாட்டிக்கொண்டவள் மாதிரி.

வீட்டுக்கு வந்து புள்ளிவிவரங்களைப் புரட்டினேன். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 2024-ல் மத்திய அரசு எடுத்த நேரக் கணக்கில், வீட்டு வேலை பார்க்கும் பெண்கள் அதற்குச் செலவழித்தது தினம் 289 நிமிடம். ஆண்கள் 88. (அதிலும் பாதி, "உப்பு டப்பா எங்கே?" என்று கேட்டதில் போயிருக்கும்!) அமெரிக்காவில் 164 பேர் மூக்கில் சளிக் கிருமியை விட்டுப் பார்த்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கினவர்களைவிட, ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கினவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நாலு மடங்கு அதிகமாம்.

மாத்திரை ஆரம்பித்தோம். முருங்கைக்கீரை, கேழ்வரகு, எலுமிச்சம்பழம் எல்லாம் வந்தது. சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது என்பதால் டீயைத் தள்ளி வைத்தோம். எல்லாம் சரி... படுக்க மட்டும் மாட்டேன் என்கிறாள்! நான் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தால், "அய்யோ, பாக்குறவுக என்ன சொல்லுவாக?" என்று பக்கத்திலேயே நின்று கையைப் பிசைகிறாள்.

திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்தார். போச்சு, இன்றைக்குப் பொங்கல்தான் என்று நினைத்தேன்.

"இவன் வயித்துல இருக்கையில கெணத்து மேட்டுல தலை சுத்தி விழுந்தேன். எந்திரிச்சு வந்து சோறு பொங்குனேன். படுன்னு சொல்ல ஒரு நாதி இல்ல. நான் சொல்றேன்... நீ படு தாயி."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கு இரண்டு மணி நேரம் தூங்கினாள். வீடு வெளங்காமல் போகவில்லை. அப்படியேதான் இருந்தது!

மூன்று மாசம் கழித்து ஹீமோகுளோபின் 11.1. மத்தியானம் ஒரு மணி நேரம் அவளுக்குக் கட்டாய ஓய்வு. முதலில் கண்ணை மூடிக்கொண்டு வெறுமனே படுத்திருந்தவள், இப்போது நிஜமாகவே தூங்குகிறாள்.

ஆபீஸிலிருந்து வீட்டுக்கு போன் போட்டு "சாப்பிட்டியா?" என்று கேட்கிற நண்பர்களே... அம்மாவோ, அக்காவோ, மனைவியோ, இன்றைக்கு "தூங்கினியா?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு சும்மா இருக்காமல், அவர்கள் தூங்குகிற நேரத்து வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதோ, பின்கட்டிலிருந்து அம்மா குரல்: "டேய், அடிப்பிடிச்ச சட்டிய யாருடா தேய்ப்பா?"

காலேஜில் மூன்று வருஷம் படித்தும் புரியாத 'தேய்மானம்', இப்போதுதான் சார் புரிகிறது!