ஒதியமரத்துக் கூடு

சித்திரைக் கடைசியில் முதல் கோடைமழை கொட்டித் தீர்த்த மறுநாள் மாலை, கோவைக்கு மேற்கே மலையடிவாரத்து ஊர் ஒன்றில் பேருந்தை விட்டு இறங்கினேன். தேநீர்க் கடையில் வழி கேட்டேன். "பூச்சி டீச்சர் வீடுங்களா? தென்னந்தோப்பத் தாண்டுனா வெள்ளை வேட்டி ஒண்ணு தொங்கும் பாருங்க, அதானுங்க" என்றார் கடைக்காரர்.

வேட்டி தொங்கத்தான் செய்தது. எட்டு முழம். இரண்டு தென்னைகளுக்கு நடுவே கயிற்றில் விரித்து, கீழ்முனைகளில் கல் வைத்துச் சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதற்கு முன்னால், ஒரு முழம் தள்ளி, 160 வாட் மெர்க்குரி பல்பு. இன்னும் ஏற்றவில்லை.

"வாங்க தம்பி. செருப்பக் கழட்டீருங்க. இனி கீழ பாத்துத்தான் நடக்கோணும்" என்றார் டீச்சர். அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வுபெற்றவர். தன் தோட்டத்துக்கு இரவில் வரும் அந்துப்பூச்சிகளைப் பன்னிரண்டு ஆண்டுகளாகக் குறித்து வருகிறார். நான் ஒருநாள் பார்த்துவிட்டு எழுதலாம் என்று போனவன். "ஒரு நாள்ல என்ன தெரியும்? மழைக்கு வாங்க, காத்துக்கு வாங்க, பனிக்கு வாங்க" என்று அன்றே சொல்லிவிட்டார். அப்படித்தான் ஓர் ஆண்டு முழுக்கப் போய்வந்தேன்.

ஏழு மணிக்கு விளக்கு எரிந்தது. முதலில் ஈசல். பிறகு வண்டுகள். எட்டு மணிக்கு மேல் அந்துப்பூச்சிகள் வரத் தொடங்கின. நான் பெரியவற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் வேட்டியின் இடது மேல்மூலையில் தொடங்கி, வயல் உழுவதுபோல வரிசை வரிசையாகக் கண்ணை ஓட்டினார். ஒரு வரிசைக்கு ஒரு நிமிடம். கையில் கட்டம் போட்ட நோட்டு. தேதி, பிறை, மேகம், காற்று, மழை, வெப்பம், விளக்கு ஏற்றிய நேரம், அணைத்த நேரம். பிறகுதான் பூச்சி. பிறையைத் தினக் காலண்டர் பார்த்து எழுதுகிறார். நிலா வெளிச்சத்தில் பல்பின் வீச்சு குறையும் என்பதால், அமாவாசையை ஒட்டிய நாட்கள் இந்த வேலையில் முகூர்த்த நாட்கள்.

"பல்ப மாத்துனா அந்தத் தேதியையும் எழுதோணும் தம்பி. இல்லீன்னா பூச்சி கூடுச்சா, வெளிச்சம் கூடுச்சான்னு பின்னால தெரியாது."

வேட்டியைக் கட்டும் இடம் பன்னிரண்டு ஆண்டாக அதேதான். பல்பின் உயரமும் அதே. ஓரிடத்தில் ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் செய்வதைத்தான் அவர் வேலை என்கிறார். அரிய பூச்சி வந்தால் அது அன்றைய அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

ஒன்பது மணிக்குப் பக்கத்துத் தோட்டத்து விவசாயி வேலியோரம் வந்து நின்றார். "டீச்சரம்மா, எத்தனை வந்திருக்குதுங்க?" அவர் கேட்டது ஒரே ஒரு பூச்சியை. முன்னிறகில் பழுப்புக் கோடுகளும் விளிம்பில் மஞ்சள் பட்டையும் உள்ள அது, மானாவாரி நிலக்கடலையை மொட்டையடிக்கும் சிவப்புக் கம்பளிப்புழுவின் தாய் அந்துப்பூச்சி. மாதக்கணக்கில் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடந்து, மழை நனைத்ததும் கூட்டமாக வெளியே வரும். டீச்சர் எண்ணிக்கையைச் சொன்னதும் அவர் மறுநாள் விளக்குப்பொறி வைப்பதாகச் சொல்லிப் போனார். அதில் விளக்குக்கு அடியில் மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர் இருக்கும், விழுந்தது செத்தது. டீச்சரின் வேட்டியில் வந்தது எல்லாம் விடியும் முன் போய்விடும். இரண்டுக்கும் நடுவே ஒரு கிளுவை வேலிதான். அவர் வயிற்றுப்பாட்டை இவர் குறை சொல்வதில்லை; இவர் நோட்டை அவர் கேலி செய்வதும் இல்லை.

விளக்கின் மீது விட்டில் மோகம் கொள்கிறது என்றுதான் நாம் தலைமுறை தலைமுறையாகப் பேசி வந்திருக்கிறோம். 2024இல் வெளியான ஓர் ஆய்வு, அதிவேகக் கேமராவில் பிடித்துப் பார்த்து வேறொன்றைக் காட்டியது. பூச்சி விளக்கை நாடி வருவதில்லை. பக்கத்தில் பறக்கும்போது தன் முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிக்கொள்கிறது. இரவில் எப்போதும் தரையைவிட வானம்தான் வெளிச்சம். முதுகை வானத்துக்குக் காட்டினால் நேராகப் பறக்கலாம் என்பது அதன் உடம்பில் ஊறிய கணக்கு. பல்பை வானம் என்று எண்ணி, முதுகைத் திருப்பித் திருப்பி, அதைச் சுற்றியே மாட்டிக்கொள்கிறது. இதைப் படித்த பிறகு டீச்சர் பல்பைத் தரையில் வைத்து மேல்நோக்கிக் காட்டும் யாரைக் கண்டாலும் தடுக்கிறார்: கீழிருந்து வெளிச்சம் வந்தால் பூச்சி தலைகீழாகப் புரண்டு விழும்.

விடியற்காலை நாலரைக்கு விளக்கை அணைத்தார். விடியும்வரை எரியவிட்டால் பறவைகளுக்குப் பந்தி விரித்ததாகிவிடும். கம்பியில் ஒரு கரிச்சான் அதற்குள் வந்து உட்கார்ந்திருந்தது. டீச்சர் ஒவ்வொரு பூச்சியாக விரலில் ஏற்றிச் செடிகளின் அடியிலை நிழலில் விட்டார். தரையில் கிடந்தவற்றுக்கு அரைமணி நேரம் ஆனது. செருப்பு ஏன் கூடாது என்று அப்போது விளங்கியது.

ஆடியில் மறுபடி போனேன். 2012இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்துப்பூச்சி வாரம் ஜூலைக் கடைசியில் வரும். உலகெங்கும் பல நாடுகளில் அந்த வாரம் வேட்டி கட்டி விளக்கேற்றுகிறார்கள். ஆனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொங்குநாட்டைப் புரட்டி எடுப்பது அப்போதுதான். அம்மியே பறக்கிற காற்றில் அந்துப்பூச்சி எங்கே நிற்கும்? வேட்டி பாய்மரம்போல உப்பி அடித்தது. கிணற்று மறைவுக்கு மாற்றலாமே என்றேன். டீச்சர் ஒப்பவில்லை. இடம் மாறினால் கணக்கு வேறாகிவிடும். பத்துக்கும் குறைவானவையே வந்தன, அதை எழுதினார்.

அன்றிரவு விளக்கைவிடக் கைகொடுத்தது வெல்லம். கனிந்த வாழைப்பழத்தை வெல்லத்தோடு பிசைந்து, இரண்டு நாள் புளிக்கவிட்டு, காற்றுப்படாத பக்கமாகக் கொய்யா மரத்தில் தடவி வைத்திருந்தார். பத்து மணிக்கு டார்ச்சைச் சிவப்புத் தாளால் மூடிக்கொண்டு போய்ப் பார்த்தோம். காய்ந்த சருகு போல ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. உறிஞ்சுகுழலைப் பிசினுக்குள் விட்டதும் முன்னிறகு லேசாக விலக, உள்ளே பின்னிறகின் ஆரஞ்சு நிறம் பற்றி எரிந்தது. யூடோசிமா மட்டேர்னா. மற்ற பூச்சிகளுக்கு உறிஞ்சுகுழல் மெல்லிய நூல். இதற்கு அது துரப்பணம். ஆரஞ்சு, மாதுளை, கொய்யா என்று தோலைத் துளைத்துச் சாறு குடிக்கும். இதன் புழு தின்பது சீந்தில்கொடி. "வேலியில சீந்தில் இருக்கிற வரைக்கும் இது வரும். போன வருசம் அந்தப்பக்கம் கம்பிவேலி போட்டாங்க" என்று மட்டும் சொன்னார்.

காற்று ஓயாததால் மீதி இரவை வீட்டுக்குள் கழித்தோம். மேசையில் தடித்த நகல் பிரதி ஒன்று கிடந்தது. நீலகிரியில் தேயிலை பயிரிட வந்த ஜார்ஜ் ஹாம்ப்சன் என்ற ஆங்கிலேயர், தோட்ட வேலைக்கு நடுவே அந்துப்பூச்சிகளிடம் மனதைப் பறிகொடுத்து, பின்னர் 1892 முதல் 1896 வரை இந்திய அந்துப்பூச்சிகள் பற்றி நான்கு தொகுதிகள் எழுதினார். இன்றும் அதைப் புரட்டாமல் இந்தத் துறையில் நகர முடியாது. வானம் தெளிந்த நாளில் டீச்சர் வீட்டு மொட்டைமாடியிலிருந்து அவர் நடந்த மலை தெரியும்.

அந்தத் தொகுதிகளில் பழுப்புக்கு மட்டும் எத்தனையோ சொற்கள். டீச்சர் அவற்றுக்கு ஈடாகத் தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்: எலி நிறம், புகை நிறம், பொரிகடலை நிறம், ஈரச் செம்மண், காய்ந்த செம்மண், சுக்குத்தூள், பழைய ஓலை. என் பார்வையில் எல்லாமே பழுப்புதான். அவர் சொல்லச் சொல்லப் பார்த்தபோது பொரிகடலையும் சுக்குத்தூளும் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. இந்தியாவில் பத்தாயிரம் வகைக்கு மேல் அந்துப்பூச்சிகள் உள்ளன. பட்டாம்பூச்சிகளைப்போல ஏழு மடங்கு. பெரும்பாலானவற்றுக்குத் தமிழில் பெயரே இல்லை. பெயர் இருப்பவை பயிரைத் தின்னும் புழுக்கள்: காவடிப்புழு, வெட்டுப்புழு, காய்ப்புழு, இலைச்சுருட்டுப்புழு. உழவர் கண்ணில் பட்டதற்கு உழவர் பெயர் வைத்தார். மற்றவை பெயரின்றிப் பறக்கின்றன. எனக்கு இது பெரிய இழப்பாகப் படுகிறது. பெயர் இல்லாதது காணாமல் போனால், போயிற்று என்று சொல்லவும் வழி இல்லை.

ஐப்பசி அடைமழைக்கு இடையே மூன்றாம் முறை. இந்த முறை காட்டோரம். இரவில் காட்டுக்குள் போக அனுமதியும் கிடையாது, யானை நடமாட்டமும் அதிகம். அதனால் ஊரின் கடைசி வீடுதான் களம். அந்த வீட்டுக்காரர் வனத்துறையில் வேட்டைத் தடுப்புக் காவலர், இருளர். சுண்ணாம்பு அடித்த அவர் வீட்டுப் புறச்சுவரே வேட்டி. டீச்சர் கொடுத்த நோட்டில் ரோந்து இல்லாத இரவுகளில் அவரும் எழுதுகிறார். பெயர் தெரியாதவற்றுக்குப் படம் வரைந்துவிடுகிறார். பென்சில் கோடுகள்தான், ஆனால் இறகை எப்படி மடித்து உட்காரும், உணர்கொம்பை வெளியே வைக்குமா உள்ளே மறைக்குமா என்பது பிசகாமல் இருக்கும். புகைப்படத்தில் தெரியாத தோரணை இந்தப் படங்களில் தெரிகிறது என்றார் டீச்சர். நானும் பார்த்தேன். உண்மை.

காற்றில்லாத, புழுங்கிய, தூறல் நின்ற இரவு. சுவர் நிறைந்துவிட்டது. பச்சைச் சட்டை போட்டதுபோல ஒன்று. தென்னை ஓலையில் தொட்டால் சுணைக்கும் புழு இருக்கிறதே, அதன் வளர்ந்த உரு. இறகில் ஆந்தைக் கண் எழுதியது ஒன்று. முதுகில் மண்டையோடு போன்ற குறியோடு, பிடித்தால் கீச்சிடும் ஒன்று. எள்ளுச் செடியில் புழுவாக வளர்ந்து, பின்னாளில் தேன்கூட்டுக்குள் புகுந்து தேன் திருடுவது. பன்னிரண்டு மணிக்குள் அறுபது வகையைத் தாண்டினோம். நான் மட்டும் நிலா அந்துப்பூச்சிக்காகக் காத்திருந்தேன். வெளிர்பச்சை இறகு, நீண்டு முறுக்கிய வால், வாயே இல்லாமல் ஒரு வாரம் போல வாழ்ந்து முடியும் உயிர். வரவில்லை.

"முன்னெல்லாம் வருமுங்க. இந்தக் கம்பத்துல வெள்ளை லைட்டுப் போட்டதுக்கப்புறம் கொறஞ்சிருச்சு" என்றார் காவலர். சுவரிலிருந்து இருபதடி தள்ளி, தெருக்கம்பத்தில் எல்.இ.டி. விளக்கு கூசியது. இங்கிலாந்தில் 2021இல் வெளியான ஆய்வொன்றில், தெருவிளக்கு உள்ள வேலிப்புதர்களில், இல்லாதவற்றைவிடப் புழுக்கள் 47 விழுக்காடு குறைவாக இருந்தன. இந்தச் சுவருக்கு அப்படி ஒரு கணக்கைச் சொல்ல நோட்டு இன்னும் சில ஆண்டு வளர வேண்டும். டீச்சர் கம்பத்து விளக்கு மாறிய தேதியைக் கேட்டு, ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

காலையில் காவலர் என்னை ஓடைக்கரை ஒதியமரத்துக்குக் கூட்டிப்போனார். கிளையில் இரண்டு இலைகளை இழுத்துத் தைத்ததுபோல ஒரு கூடு. "நீங்க கேட்ட பூச்சி இதுக்குள்ளதான் இருக்குதுங்க." டீச்சர் கிளையோடு நறுக்கி, வாயகன்ற பாட்டிலில் வைத்து, மல்துணியால் மூடி ரப்பர் போட்டார். "எப்ப வரும்?" என்றேன். "மழை பாத்து வரும். வெயில்காலம் முடியோணும். பூச்சி வரலாம், வராமயும் இருக்கலாம்."

தைப்பூசத்தை ஒட்டி நான்காம் முறை. பனி, முழுநிலா. மூன்று மணி நேரம் வேட்டி வெறும் வேட்டியாகவே இருந்தது. பத்து மணிக்கு டீச்சர் எல்லாக் கட்டங்களையும் நிரப்பி, பூச்சி என்ற கட்டத்தில் சுழியம் போட்டார்.

பிறகு பழைய நோட்டுகளை எடுத்து வந்து காட்டினார். முதல் இரண்டு ஆண்டுகளில் சுழியமே இல்லை. "ஒண்ணும் வரலைன்னா எழுதாம படுத்துருவேன். இப்ப பாத்தா, பூச்சி வரலியா, நான் விளக்கேத்தலியான்னு எனக்கே தெரியல." இன்னொரு பக்கத்தைத் திருப்பினார். 2018. அந்த ஆண்டு மே மாதம்தான் அமெரிக்கப் படைப்புழு இந்தியாவில், கர்நாடகத்தில், முதன்முதலில் கண்டறியப்பட்டது. சில மாதங்களில் இங்கே மக்காச்சோளக் காடுகளைக் குருத்தோடு தின்றது. பக்கத்துத் தோட்டக்காரர் அப்போது வந்து கேட்டிருக்கிறார்: இந்தப் பூச்சி நம்மூருக்கு என்றைக்கு வந்தது டீச்சரம்மா?

அந்த மாதங்களின் பக்கங்களில் மறுபடி மறுபடி ஒரே வரி இருந்தது: 'சிறு பழுப்பு, பல.'

"இதுல அது இருந்துதா இல்லியா? எழுதிருக்கறது நான்தான். எனக்கே தெரியல தம்பி." பொரிகடலையும் சுக்குத்தூளும் அந்த ஆண்டுக்குப் பிறகு பிறந்த சொற்கள்.

பாட்டிலைப் பார்த்தேன். கூடு அப்படியே இருந்தது. எடுத்துக் காதருகே வைத்தேன். எடை இருந்தது, ஒலி இல்லை.

வைகாசி பிறந்து ஒரு வாரம் கழித்து அழைத்தார். முந்தின இரவு அங்கே நல்ல மழை. "உங்க கூடு ஒடைஞ்சிருச்சு தம்பி. படம் அனுப்பியிருக்கேன், பாருங்க."

கட்டத்தாளின் மீது கூடு. ஒரு முனையில், பென்சிலால் குத்தியதுபோல வட்டமான சிறு ஓட்டை. நிலா அந்துப்பூச்சி அதன் வழியே வந்திருக்க முடியாது. பக்கத்தில், ஈரம் உலராத இறகோடு, மஞ்சள் உடலில் கறுப்புப் புள்ளிகள் வைத்த குளவி ஒன்று நின்றது. கூட்டுப்புழுவுக்குள் முட்டையாகப் போய், அதைத் தின்று வளர்ந்தது.

"வருத்தமா?" என்றார். ஆமாம் என்றேன்.

"எனக்கும் கொஞ்சம் இருந்துச்சு. ஆனா இந்தக் குளவி நம்ம பக்கம் எழுதுனதே இல்ல. எந்த மரம், எந்தத் தேதி எடுத்தோம்? நீங்களும் குறிச்சு வச்சிருப்பீங்கல்ல, ஒருதடவ சொல்லுங்க, ஒத்துப்பாத்துக்கறேன்."

என் நோட்டை எடுத்துவரச் சற்று நேரம் கேட்டேன்.