கருப்புப் பூச்சுக்குள்ளே துரு



என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்த பையன் ஒருவன் பழைய கார் வாங்கிப் படம் அனுப்பியிருந்தான். "டீச்சர், அடியில லேசா துரு இருந்துச்சு. மேலேயே கருப்புக் கோட்டிங் அடிச்சுட்டேன், இனி கவலையில்ல" என்று எழுதியிருந்தான். அவனுக்குப் பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுவிட்டது. எல்லோருக்குமாக இங்கேயே போடுகிறேன்.

எங்கள் வீட்டு மாருதி 800-ஐ உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வேதாரண்யத்து உப்புக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ராஜாஜி 1930-ல் உப்பெடுக்க வந்த ஊராயிற்றே! என் வீட்டுக்காரர் உப்பளப் பக்கம் போய் வந்தாலே, ஹோஸ் பைப்பைக் காருக்கு அடியில் நீட்டி நல்ல தண்ணீர் அடிப்பார். "மேலே தூசி அப்படியே இருக்கு, அடியைக் கழுவுறீங்களே" என்று சிரிப்பேன். அவர் போன பிறகு குனிந்து கழுவ என் முதுகு இடம் தரவில்லை. ஒரு பட்டறையில் அடிப்பக்கம் முழுக்கத் தார் மாதிரிப் பூச்சு அடித்து வாங்கினேன். துருவைச் சுரண்டினீர்களா என்று கேட்கவில்லை. நான்கு வருடம் நிம்மதியாக ஓட்டினேன்.

ஒரு நாள் காலை பேத்தியைப் பள்ளியில் விடக் கிளம்பினேன். தெருமுனையில் பிரேக்கை மிதித்தால் மிதி அப்படியே உள்ளே போகிறது. கைப்பிரேக்கை இழுத்து மணல்மேட்டில் ஏற்றி நிறுத்தினேன். பிரேக் எண்ணெய் இரண்டு தனி வழியாகப் போவதால் பாதி பிரேக் மிச்சமிருந்ததாம், அதனால் பிழைத்தோம். "ஏன் பாட்டி இங்க நிறுத்துற?" என்று குழந்தை கேட்டாள். எனக்கு வாய் வரவில்லை.

மெக்கானிக் தம்பி வண்டியைத் தூக்கி, ஸ்குரூடிரைவரால் அந்தக் கருப்புப் பூச்சைக் குத்தினார். முட்டையோடு போல உடைந்து, உள்ளிருந்து செதில் செதிலாகத் துரு கொட்டியது. பிரேக் எண்ணெய் போகும் மெல்லிய இரும்புக் குழாயில் ஓரிடத்தில் ஊசித்துளை.

உங்களுக்கு நடத்திய மூன்று சோதனைக்குழாய் நினைவிருக்கிறதா? சாதாரணத் தண்ணீரில் போட்ட ஆணி துருப்பிடிக்கும். கால்சியம் குளோரைடு போட்ட உலர்ந்த குழாயில் பிடிக்காது. கொதித்து ஆறிய தண்ணீரில் ஆணியைப் போட்டு மேலே எண்ணெய் விட்டாலும் பிடிக்காது. கருப்புப் பூச்சை அந்த எண்ணெய்ப் படலம் என்று நினைத்துவிட்டேன். ஆனால் அங்கே முதலில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் காற்றை விரட்டுகிறோமே! நான் உப்பையும் ஈரத்தையும் உள்ளே வைத்து மூடினேன். பூச்சில் சிறு வெடிப்பு விட்டால் போதும், காற்றும் தண்ணீரும் புகும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், வெயிலுக்கும் காயாது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் உப்பிப் பூச்சைத் தள்ளும், உதிர்ந்து புது இரும்பைக் காட்டும்.

பிறகு நடந்த வேலையைப் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பார்த்தேன். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்துத்தான் அடியில் போனார். பழைய பூச்சு எல்லாம் போனது. கம்பி பிரஷ், பிறகு உப்புத்தாள் (பெயரைப் பாருங்கள்!). குழிகளில் ஒட்டியிருந்த துருவுக்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டர். ஓட்டை விழுந்த இடத்தில் தகடு வைத்து வெல்டிங். நன்றாகக் காய்ந்த பின் பிரைமர், பெயின்ட், கடைசியாகத்தான் கருப்புப் பூச்சு. சைலன்சர், பிரேக், ரப்பர் பாகங்களில் அதைப் படவிடவில்லை. கதவடியிலும் ஓரத்திலும் தண்ணீர் வடியும் துளைகளை அடைக்காமல் விட்டார். பிரேக் குழாயைச் சுரண்டவில்லை, புதிதாகவே மாற்றினார். செலவைக் கேட்டு என் மகன் "அந்தக் காசுக்கு வண்டியையே வித்திருக்கலாம்" என்றான். அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை.

இப்போது பின்வீட்டுப் பையன் வாரம் ஒருமுறை அடியில் தண்ணீர் அடித்துத் தருகிறான். சேறு அப்பும் சக்கர வளைவுக்குள்ளும் அடிக்கச் சொல்கிறேன். மழை முடிந்ததும் லிஃப்டில் ஏற்றி டார்ச் அடித்துப் பார்க்கிறோம். பூச்சு எங்கே உப்பியிருக்கிறதோ அங்கே குத்திப் பார்த்துவிடுவது.

தம்பி, நீ இந்த ஞாயிற்றுக்கிழமையே வண்டியைத் தூக்கச் சொல். பிரேக் குழாயை முதலில் பார். பார்த்துவிட்டு எனக்குப் படம் அனுப்பு.