பெரியப்பாவின் குரலுக்கு ஒரு மைக்

தை, ஞாயிறு

பெரியப்பா ஒப்புக்கொண்டுவிட்டார். பண்ணுக்கு இரண்டு பதிகமாவது பாடித் தருகிறேன் என்கிறார். ஏழு திருமுறைகளில் தேவாரப் பாடல்கள் ஏறத்தாழ 8,000. அவற்றில் தமக்கு மனப்பாடம் எத்தனை என்று அவரே எண்ணிப் பார்த்ததில்லை. தருமபுரம் சுவாமிநாதன் பாடிய ஒலிநாடாக்களைக் கேட்டு வளர்ந்த வீடு இது. ஆனாலும் பெரியப்பா தம் ஆசிரியரிடம் பாடம் கேட்ட வழி தனி. கொல்லிப் பண்ணில் ஒரு சொல்லை அவர் நிறுத்தி, மெல்ல இழுத்து, அடுத்த சொல்லில் இறக்குவதை வேறு யாரிடமும் நான் கேட்டதில்லை. அவருக்கு எழுபத்தைந்து ஆகிறது. இது பதிவாகியே தீரவேண்டும். என்னிடம் இருப்பது 30,000 ரூபாய்.

செவ்வாய்

மைக்கை விலைப்பட்டியலிலிருந்து தேடத் தொடங்கினால் முடிவே கிடையாது. ரோட் என்டி1-ஏ மைக்கின் சுய இரைச்சல் 5 டெசிபல், ஆடியோ-டெக்னிகா ஏடி2020-க்கு 20. தாளில் பார்த்தால் முதலாவதுதான் வேண்டும் என்று தோன்றும். ஆனால் நம் தெருவில் நள்ளிரவில்கூட ஓர் அறையின் அமைதி 30 டெசிபலுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அறையே மைக்கைவிட அதிகம் இரைகிறது. அந்தப் பதினைந்து டெசிபலுக்குக் கூடுதல் பணம் கொடுத்தால் அதை நாம் கேட்கவே போவதில்லை. பணம் முதலில் அறைக்குப் போகட்டும்.

ஆயிரம் ரூபாய்க்கு ஸ்டாண்டோடு கிடைக்கும் கண்டென்சர்களை நான் பரிசீலிக்கவே இல்லை. பெரிய உடம்புக்குள் சட்டைப் பித்தானளவு கேப்ஸ்யூல். முதியவர் ஒருமுறைதான் பாடுவார் என்கிற வேலைக்கு அது ஆகாது.

புதன்

மாடி அறையில் கை தட்டிப் பார்த்தேன். சுவருக்குச் சுவர் மோதி ‘ட்ர்ர்’ என்று திரும்பி வந்தது. நான்கு பக்கமும் சிமென்ட், தரையில் டைல்ஸ். எந்த விலையில் மைக் வைத்தாலும் இந்த எதிரொலியும் சேர்ந்தே பதிவாகும்; பிறகு அதைப் பிரித்தெடுக்க நல்ல வழி இல்லை.

முட்டை அட்டை ஒட்டலாம் என்றான் தம்பி. அட்டை மெலிசு, உச்ச ஒலியைக் கொஞ்சம் சிதறடிக்கும், அவ்வளவுதான். ஓர் அங்குல ஃபோமும் அடிக்குரலை ஒன்றும் செய்யாது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர். அதைத் தடுக்கக் கனம் வேண்டும், ஆழம் வேண்டும். பெரியப்பாவின் மந்தரம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

கீழே நெல் மூட்டை அடுக்கிய பின்கட்டு அறையில் கை தட்டினேன். தட்டிய ஒலி அங்கேயே நின்றது. இரண்டு பக்கம் மூட்டைகள், எதிர்ச் சுவரில் பழைய இலவம்பஞ்சு மெத்தைகளை நிறுத்திவிட்டால் போதும். செலவு கயிறும் ஆணியும்.

வெள்ளி

மைக்செட் வைத்திருக்கும் நண்பர் தம்முடைய ஷூர் எஸ்எம்58-ஐக் கொடுத்தனுப்பினார். 1966-இல் வந்த மாடல், இன்றும் எல்லா மேடையிலும் இருக்கிறது. (இதை வாங்குவதென்றால் அங்கீகாரம் பெற்ற கடையில் பில்லோடு மட்டும், போலிகள் அவ்வளவு உலவுகின்றன.) டைனமிக் மைக் என்பதால் தூரத்துச் சத்தத்தை அவ்வளவாக எடுக்காது என்பது அதற்குச் சாதகம். ஆனால் அதற்கு வாய் பக்கத்திலேயே இருக்கவேண்டும்.

பெரியப்பா அப்படிப் பாடுபவர் அல்லர். கண்ணை மூடினால் தலை ஆடும், உடம்பு முன்னும் பின்னும் போகும். 5 சென்டிமீட்டரில் இருந்த வாய் 10-க்கு நகர்ந்தால் ஒலி 6 டெசிபல் விழுகிறது. கிட்டே வந்தால் அடிக்குரல் ஊதிப் பெருக்கும், விலகினால் மெலியும். ஒரே அடிக்குள் இரண்டு ஆள் பாடுவதுபோல் பதிவானது. நகராமல் பாடுங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சொல்லவும் கூடாது. மைக்தான் அவருக்கு இசைந்து வரவேண்டும்.

40 சென்டிமீட்டரில் மைக் இருந்தால் அதே 5 சென்டிமீட்டர் ஆட்டம் ஒரு டெசிபல்தான். அந்தத் தூரத்தில் நுணுக்கமாகக் கேட்க கண்டென்சர் வேண்டும். ஆக ஏடி2020. தெருச் சத்தத்தையும் அது எடுக்கும்தான். அதற்குத்தான் மூட்டைகளும் மெத்தைகளும்.

சனி

இன்டர்ஃபேஸுக்கு அதிகம் யோசிக்கவில்லை. ஒரே குரல், ஒரே மைக். கண்டென்சருக்கு வேண்டிய 48 வோல்ட் பேன்டம் பவர் உள்ள ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ போதும். 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை நான் பொருட்படுத்தவில்லை. மனிதக் காதின் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ். 48-இல் பதிந்தால் அது முழுவதும் அடங்கும். விடக்கூடாதது 24 பிட். மந்தரத்தில் முணுமுணுத்துக்கொண்டிருப்பவர் அறிவிப்பில்லாமல் தாரத்துக்கு ஏறிவிடுவார். அந்த இடத்தில் ஒலி உடைந்தால் போனது போனதுதான். 24 பிட்டில் கெயினைத் தாழ்த்தி, உச்சத்துக்கு மேல் 12 டெசிபல் இடம் விட்டுப் பதியலாம். தணிந்த இடங்களைப் பிறகு உயர்த்தினாலும் இரைச்சல் எழாது.

செவ்வாய்

ஹெட்ஃபோனில் சுருதி கொடுத்துப் பார்த்தேன். “ஏன்டா, ரெண்டு காதையும் அடைச்சிட்டா என் குரல் எனக்கு எங்க கேக்கும்?” என்று கழற்றி வைத்துவிட்டார். அவர் சொன்னது நியாயம். எழுபது வருஷமாக அறையில் திரும்பும் தம் குரலைக் கேட்டே அவர் சுருதி சேர்ப்பவர்.

ஏடி2020 கார்டியாய்டு வகை. முன்னால் இருப்பதைக் கேட்கும், நேர் பின்னால் இருப்பதை மிகக் குறைவாகவே எடுக்கும். சுருதிப் பெட்டியை மைக்கின் முதுகுப் பக்கம், பெரியப்பாவின் காதுக்கு மட்டும் எட்டும்படி தாழ்த்தி வைத்தேன். மாடியில் இது பலித்திருக்காது. சுவரில் பட்டுச் சுருதி முன்பக்கமாகவே வந்துவிடும். பின்கட்டில் பலித்தது. மைக்கை நெற்றி உயரத்தில் நிறுத்தி, வாயை நோக்கிச் சாய்த்தேன். ‘ப’வில் பிறக்கும் காற்று கீழே போய்விடுகிறது. பாப் ஃபில்டரும் இருக்கிறது, ஆனால் பாதி வேலையை இந்தச் சாய்வே செய்துவிட்டது.

மின்விசிறியை நிறுத்தித்தான் ஆகவேண்டும். அதனால் மாசிக்குள் முடிக்கவேண்டும். பங்குனி வெக்கையில் அவரை அந்த அறையில் உட்கார வைக்க மாட்டேன். விடியற்காலை வேண்டாம், கோயில் ஒலிபெருக்கி. இரவு ஒன்பதுக்குமேல், ஒரு நாளைக்கு ஒரு பதிகம், நடுவில் வெந்நீர்.

வியாழன்

மென்பொருளுக்குப் பணம் கொடுக்கவில்லை, ஆடாசிட்டி இலவசம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், மோனோ: ஒரு மணி நேரத்துக்கு 520 எம்பி அளவில் வரும். மிச்சம் இருந்த பணத்தில் இன்னும் நல்ல ஹெட்ஃபோன் எடுக்கலாம் என்று தம்பி சொன்னான். நான் இரண்டு ஹார்டு டிஸ்க் எடுத்தேன். ஒன்று இங்கே, இன்னொன்று திருச்சியில் அக்கா வீட்டில். ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் பண், தலம், தேதி. நாளைக்குக் கொல்லி.