சுங்கச் சாலையும் கால்நடைப் பயணிகளும்

மங்கலத்திலிருந்து கோவைக்குப் புறப்பட்டோமானால், முதலில் நொய்யற்கரைச் சாமளாபுரம். அடுத்து, விசைத்தறிகள் ஓயாது இரையும் சோமனூர். அதனைக் கடந்ததும் கருமத்தம்பட்டி. 2019-ஆம் ஆண்டு பசிலிக்காவாக உயர்த்தப்பெற்ற நம் செபமாலை அன்னையின் திருத்தலம் அங்கே உள்ளது. பின்னாளில், 1856-இல், ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையை நிறுவிய பிரசில்லாக் ஆண்டகை வாழ்ந்த ஊரும் அதுவே. அக்காலத்தில் மாட்டு வண்டிப் பயணம். இன்றோ ஆறு தடங்கள் கொண்ட சேலம்–கொச்சி நெடுஞ்சாலை! 47 என்னும் பழைய எண் மறைந்து 544 ஆயிற்று.

சிறிது தொலைவில் கணியூர்ச் சுங்கச்சாவடி. 2021 பிப்ரவரி முதல் பாஸ்டேக் வில்லை கட்டாயமாகிவிட்டதால், சில்லறைச் சச்சரவு வெகுவாகக் குறைந்துள்ளது. நடப்போருக்குக் கட்டணமில்லை, அவர்களுக்கென்று தனிப் பாதையும் இல்லை. அணுகுசாலையில் சரக்கு லாரியும், பனியன் கம்பெனி வேனும், எதிர்த்திசையில் விரையும் ஸ்கூட்டரும் நெருக்க, அதே தார் விளிம்பில்தான் செபமாலை மாதத்தில் நம் குடும்பங்கள் சிறுவர்களையும் கையில் பிடித்துக்கொண்டு நடக்கின்றன.

திண்டுக்கல்–பழனிச் சாலையோரத்தில் பாதயாத்திரிகர்களுக்கெனத் தனி நடைபாதை உண்டு. அதைக் காணும்போதெல்லாம் நமக்குச் சற்றே பொறாமைதான்! அத்தகையதொன்றைச் சோமனூர் வழியிலும் கேட்பது பேராசையாகுமா? ஊராட்சிகளும் பங்குப் பேரவைகளும் சேர்ந்து விண்ணப்பித்தல் நலம். அதுவரை, இருட்டில் நடப்போர் வெண்ணிற உடை அணிக. வரிசையின் முன்னும் பின்னும் விளக்கேந்துக. வண்டிகளை எதிர்நோக்கியவாறு வலப்புறமாகவே செல்க. சிறுவர்கள் சாலையின் பக்கம் வேண்டாம், உட்புறம் நடக்கட்டும்.